எழுதறாப்ல ஒரு கஷ்டம்

செஞ்சி கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் அவருடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. இரண்டு மெஷின், ஒரு பெஞ்சு, ஒரு மேசை, மேசை மேல் ஒரு தகர டப்பா. டப்பாவுக்குள் கோழி இறகுகள். நாம் நம் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லச் சொல்ல அவர் ஓர் இறகை எடுத்துக் காதுக்குள் விட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாகத் திருகியபடியே கேட்பார். கேட்டது பிடித்துப்போனால் இறகு நிற்கும். வெளியே எடுத்து முனையைப் பார்ப்பார், பனியன் மேல் துடைப்பார், "மேல சொல்லு" என்பார். அறுபது வருஷம் ஆகப்போகிறது. இன்றைக்கும் யாராவது என் முன்னால் காதைக் குடைந்தால் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன்.

ஊரில் அவருக்கு நல்ல பெயர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனசு வராது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிவிட்டு மேலே படிக்க வழியில்லாத பிள்ளைகள் எல்லாம் அந்த மாடிப்படி ஏறின. ஏழைப் பிள்ளைகளுக்கு ஹாஸ்டலில் இடம் கொடுத்து, காலேஜ் சம்பளமும் கட்டுகிற தர்ம ஸ்தாபனங்கள் சில அப்போது மதராஸில் இருந்தன. விண்ணப்பத்தோடு ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொல்வார்கள். படிப்புக்கு உனக்கு நேர்ந்த பெரிய இடையூறு எது, அதை எப்படித் தாண்டினாய் என்று சொந்தக் கையெழுத்தில் எழுத வேண்டும். அந்த ஒரு பக்கத்துக்குத்தான் அவர். எந்த இடையூறை எழுதுவது என்று அவரே பொறுக்குவார், வாசகத்தையும் அவரே டைப் அடித்துத் தருவார். நாம் உட்கார்ந்து அதை அழகாகப் பெயர்த்தெழுத வேண்டும். கார்பன் பிரதி அவருடைய டிராயருக்குப் போய்விடும்.

காசு வாங்க மாட்டார். வெற்றிலை பாக்குக்கூட வாங்க மாட்டார். வாங்கியிருந்தால் எனக்கு இவ்வளவு குமட்டியிருக்காது. கூலிக்குச் செய்கிற வேலை, எப்படியோ செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். அவர் ருசிக்குச் செய்தார்.

"கஷ்டம் எல்லா வூட்லயும் இருக்குது. எழுதறாப்ல இருக்கற கஷ்டம் எத்தினி வூட்ல இருக்குது, சொல்லு?" என்பார். அதற்கு வரைமுறை வைத்திருந்தார். பசி கூடாது. எல்லாரும் பசியைத்தான் எழுதுகிறார்கள், படிக்கிறவர்களுக்குச் சலித்துப்போய்விட்டது. கடன் கூடாது. அப்பன் குடிப்பதை எழுதலாம், ஆனால் அடிப்பதோடு சேர்த்து எழுத வேண்டும். ஒரே ஒரு கஷ்டம்தான் எழுத வேண்டும், இரண்டு எழுதினால் பொய் என்று நினைத்துவிடுவார்கள். கடைசிப் பாராவில் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும். இதையெல்லாம் பாடம் சொல்வதுபோல் சொல்ல மாட்டார். விருந்தில் எந்தப் பதார்த்தத்துக்கு எதைத் தொட்டுக்கொள்ளலாம் என்று சொல்கிறவரைப்போல நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு சொல்வார்.

நான் முதல்முதலாகப் படியேறிய அன்று பெஞ்சில் எனக்கு முன்னால் பனமலைப் பக்கத்துப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கோடையில் வீடு தீப்பிடித்து, கூரை, நெல்லு, புஸ்தகம் எல்லாம் போய்விட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இறகு திரும்பிக்கொண்டே இருந்தது.

"உள்ள யாருனா மாட்டிக்கினாங்களா?"

"இல்ல சார். எல்லாரும் கயினில வேலையா இருந்தோம்."

"ஆடு, மாடு?"

"அவுத்து உட்டுட்டோம் சார்."

"ச்ச," என்றார். உண்மையாகவே அவருக்கு வருத்தம். அதைவிட எனக்கு அருவருப்பாக இருந்தது அந்தப் பையனின் முகம்தான். ஒரு கன்றுக்குட்டியையாவது விட்டிருக்கலாமே என்று யோசிக்கிறவன்போலத் தலையைக் குனிந்துகொண்டான்.

எங்கள் தெருவில் ஒருவருக்குக் கடலை உடைக்கிற மெஷினில் இரண்டு விரல் போயிற்று. துக்கம் விசாரிக்க எல்லாரும் போனோம், அவரும் வந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்தார், மூலையில் நின்ற மகளைப் பார்த்தார், அவள் எந்த வகுப்பு என்று கேட்டார். எட்டாவது என்றார்கள். "இன்னும் மூணு வருசம் இருக்குது," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, "வலது கையா இருந்தா..." என்று ஆரம்பித்து, பேச்சை முடிக்காமல் காப்பியை வாங்கிக் குடித்தார். அந்த வீட்டுக்காரர்கள் அதையும் அக்கறை என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். அவர் வருவதைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். பிள்ளைகளைக் கரையேற்றுகிற மனுஷர் அல்லவா.

கரையேற்றினார், இல்லை என்று சொல்லவில்லை. தொண்டூரிலிருந்து ஒரு பெண் நர்ஸ் படிக்கப் போனாள். வல்லத்தில் ஒருவன் வாத்தியாரானான். அவர்களுடைய கஷ்டமெல்லாம் எனக்கு மனப்பாடம். எப்படி என்றால், டிராயரைத் திறந்து கார்பன் பிரதிகளை எடுத்து, எச்சில் தொட்டுப் புரட்டி, எங்களுக்கு மாதிரிக்காகப் படித்துக் காட்டுவார். யாருடைய தாய் யாரோடு ஓடிப்போனாள், யாருடைய அண்ணன் எதற்காக ஜெயிலில் இருக்கிறான், எல்லாம் பெயரோடு. படிக்கும்போது குரல் உடைந்து நிஜமாகவே கண்ணீர் வரும். அழுது முடித்ததும் அவருக்குப் பசிக்கும். கீழே கடையிலிருந்து மசால்வடை வரவழைத்து, இறகு பிடித்த அதே விரல்களால் பிய்த்துத் தின்பார். எங்களுக்கும் நீட்டுவார். வேண்டாம் என்றால் "சாப்புடு சாப்புடு, மொகம் தெளியும்" என்பார்.

அந்த அறைக்குப் பின்னால் சாக்குப் படுதா ஒன்று தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம்தான் அவர் குடித்தனம். அவருடைய மனைவி அங்கே படுத்திருப்பார். நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததே இல்லை, இருமலைத்தான் கேட்டிருக்கிறேன். இழுத்து இழுத்து, முடிவில் ஏதோ கிழிகிற மாதிரியான இருமல். ஒருநாள் பொறுக்காமல், "அம்மாக்கு ஒடம்பு இன்னா சார்?" என்று கேட்டுவிட்டேன். சடக்கென்று முகம் கறுத்துவிட்டது. "அது வூட்டு சமாச்சாரம். அத்தெல்லாம் வெளிய பேசக் கூடாது," என்றார். எழுந்து போய்ப் படுதாவைச் சரியாக இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்து, என் வீட்டைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்.

எனக்கு அப்போது பதினேழு வயது. நைனா கமிட்டி மண்டியில் மூட்டை எடை போடுகிறவர். என்னைப் பி.யு.சி. சேர்க்க அவரால் ஆகாது. ஆவணியில் வல்லத்து மாமனுக்கு என்னைக் கட்டிக்கொடுப்பதாக வாக்கும் கொடுத்துவிட்டார். மாமனுக்கு முப்பத்தாறு வயது, முதல் தாரம் செத்துப்போய் இரண்டு பிள்ளை. ஆனி முடிவதற்குள் மதராஸிலிருந்து கடிதாசி வந்தால் காலேஜ், வராவிட்டால் வல்லம். அவ்வளவுதான் எனக்கு இருந்த வழி. அதனால்தான் அந்த இறகையும் சகித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

என் பங்குக்கு நானும் ஒரு கஷ்டம் வைத்திருந்தேன். வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள், ஒரு வருஷம் அழுது அழுது மறுபடியும் சேர்ந்தேன். சொன்னேன்.

"எல்லா வூட்லயும் நடக்கறதும்மா. வேற?"

"அம்மா இல்ல சார். எனக்கு அஞ்சு வயசுலயே..."

"ஊர்ல பாதிப் பேருக்கு அம்மா இல்ல." இறகு நிற்கவில்லை. "வூட்ல வேற யாரு?"

"அக்கா."

"கட்டிக் குடுத்தாச்சா?"

"இல்ல சார்."

"இன்னா வயசு?"

"இருவத்தேழு."

இறகு நின்றது. மூடியிருந்த கண்ணைத் திறந்தார். "ஏன் கட்டிக் குடுக்கல?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். கோட்டை மலையின் பாறைகள் வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தன. அவர் அவசரப்படவில்லை. காத்திருப்பதில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது. கடைசியில், "சொல்லாங்காட்டி சீட்டு போவும்மா. எனக்கு இன்னா?" என்றார். சொன்னேன். அக்காவுக்கு வலிப்பு வரும் என்று, பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் பன்னிரண்டு வருஷமாக நாங்கள் பொத்திவைத்திருந்ததை அந்த மனுஷரிடம் சொன்னேன்.

"சாவி குடுப்பீங்களா கைல? இரும்பு சாவி?"

"குடுப்போம் சார்."

"ஆஹா," என்றார்.

அக்காவைப் பற்றி அவர் எழுதாததை நான் சொல்ல வேண்டும். அம்மா செத்தபோது அவள் எட்டாவதோடு நின்று அடுப்படிக்கு வந்தவள். எனக்குத் தலை வாரி, சோறு போட்டு, என் பாவாடையைத் துவைத்து, என்னை ஒரு துரும்பு எடுத்துப் போடவிடாமல் படிக்க வைத்தவள். மாவாட்டிக்கொண்டே சரித்திரப் பாடத்தில் கேள்வி கேட்பாள். அவளுக்குப் பதில் தெரியாது, ஆனால் நான் பூசி மெழுகினால் உடனே கண்டுபிடித்துவிடுவாள். வலிப்பு வரப்போவது அவளுக்கு முன்கூட்டியே தெரியும். சத்தமில்லாமல் எழுந்து பின்கட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நானோ நைனாவோ மட்டும் சாவியோடு உள்ளே போகலாம். வேறு யார் முன்னாலும் அவள் விழுந்ததே கிடையாது. தண்ணீர்க் குழாயடியில் ஒருமுறை வருவதுபோல் இருந்ததும் நிறைகுடத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தவள் அவள். எனக்கு மானம் என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரிந்ததே அவளைப் பார்த்துத்தான்.

மறுநாள் அவர் டைப் அடித்துக் கொடுத்த தாளில் இருந்தது இது: 'என் தமக்கையே என் கல்விக்கு நேர்ந்த பெரும் இடையூறு. அவர் கரத்தில் இரும்புச் சாவியைத் திணித்தபடி எத்தனையோ இரவுகள் உறங்காதிருந்து, விடிந்ததும் கண்கள் எரியப் பரீட்சை எழுதச் சென்றேன்.'

"பரீட்சை அப்ப ஒருவாட்டிகூட வரல சார்," என்றேன்.

"வந்திருந்தா? அப்பிடித்தான உக்காந்துகினு இருந்திருப்ப?"

"அக்காதான் சார் என்னைப் படிக்கவெச்சது."

"அத்த எழுதினா சீட்டு உங்க அக்காளுக்குத்தான் குடுக்கணும்," என்று சொல்லிச் சிரித்தார். பெஞ்சில் இருந்த மற்ற பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் பேனாவை எடுத்தேன். ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கையெழுத்தில், முழுவதையும் எழுதி முடித்தேன். என்ன எழுதினாய் என்று அக்கா கேட்டதற்கு, நைனாவின் கூலியைப் பற்றி என்று சொல்லிவைத்தேன்.

இருபது நாளில் மதராஸிலிருந்து ஒரு கார்டு வந்தது. விண்ணப்பத்தில் கண்ட விவரம் சரிதானா என்று நேரில் பார்க்க ஓர் அம்மாள் வருவார் என்று எழுதியிருந்தது. அந்த அம்மாள் வருகிற அன்றைக்கு இவர் ஒரு மணி நேரம் முன்னாலேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆம்பிளை இருந்தால் பரிதாபம் குறையும் என்று நைனாவை மண்டிக்கு அனுப்பினார். பித்தளைக் குடத்தை உள்ளே தூக்கி வைத்தார். அக்கா மதராஸ் விருந்தாளி வருகிறார் என்று குளித்து, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு காப்பிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா இது, கல்யாணத்துக்குப் போறாப்ல இருக்குது? இன்னிக்கி வருமா?"

"இன்னா சார்?"

"அதாம்மா, அது."

"அது எப்ப வரும்னு யாருக்கு சார் தெரியும்?"

"வந்தா நல்லாருக்கும்," என்றார். மழையைப் பற்றிப் பேசுகிற குரல். அவர் முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும். "பாக்கலாம் சார்," என்றேன்.

அந்த அம்மாள் காரில் வந்தார். வெள்ளைக் கதர்ப் புடவை, நரைத்த தலை, கெட்டவர் இல்லை. பாயில் உட்கார்ந்து ஃபைலைப் பிரித்தார். கண்ணாடியைக் காரிலேயே விட்டுவிட்டேன் என்றார். "நான் படிக்கிறேம்மா," என்று இவர் அந்தத் தாளை வாங்கிக்கொண்டார். எழுந்து நின்று, தொண்டையைக் கனைத்து, எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் நின்று அதைப் படித்தார். இரண்டாவது வரியில் அக்கா காப்பி டம்ளரோடு வாசப்படியில் வந்து நின்றாள்.

கடைசி வரைக்கும் நின்று கேட்டாள். இடையூறு என்ற வார்த்தை அதில் நான்கு இடத்தில் வரும். அவர் வழக்கம்போல் அழுதார்.

அந்த அம்மாள் அக்காவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "இந்தப் பொண்ணா? பாத்தா நல்லா இருக்காளே," என்றார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்து, "தப்பா நினைக்காதீங்க. இப்பெல்லாம் நிறையப் பேர் இல்லாததை எழுதிடறாங்க. நிஜமா கஷ்டப்படறவங்களுக்கு இடம் போயிடுது," என்று சொல்லி ஃபைலை மூடினார்.

அக்கா என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஒரு வாய் காப்பி குடிக்கிற நேரம் இருக்கும். கோபமாகப் பார்த்திருந்தால் இன்றைக்கு நான் நிம்மதியாக இருப்பேன். என்ன செய்தால் எனக்கு நல்லது என்று கணக்குப் போடுகிற பார்வை அது. சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் பார்ப்பாள். பிறகு குனிந்து டம்ளரைத் தரையில் வைத்தாள். வைத்துவிட்டு விழுந்தாள்.

கை கால் உதறியது. பல் கிட்டியது. வாயோரம் எச்சில் ஒழுகியது. புடவை விலகியது. அந்த அம்மாள் "ஐயையோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார். இவர் சட்டைப் பையில் கையை விட்டார். ஒரு சாவி எடுத்தார். ஆள் உயரக் கதவுக்குப் போடுகிற பெரிய இரும்புச் சாவி. வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார். "குடும்மா, கைல குடு," என்று என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கினேன். அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நிஜமாக வலிப்பு வந்தால் அவள் விரல்கள் இறுகிக்கொள்ளும், ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் சாவியைத் திணிக்க முடியும், என் நகமே பிய்ந்திருக்கிறது. அன்றைக்கு அவள் கை தானாகத் திறந்து வாங்கிக்கொண்டது.

"போதும், போதும். பாவம். எழுப்புங்க அவளை," என்றார் அந்த அம்மாள். அழுதுகொண்டே ஃபைலைத் திறந்து கையெழுத்துப் போட்டார். என் தலையைத் தடவி, "தைரியமா இரும்மா, ஜூலையில வந்து சேரு," என்றார்.

இவர் காரின் கதவைத் திறந்துவிட்டு, கார் தெருமுனை திரும்பும்வரை கும்பிட்டுக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி வாசலுக்கு வந்தார். நல்ல விருந்து சாப்பிட்ட களை முகத்தில்.

"டம்ளர கீழ வெச்சிட்டு வுயுந்துச்சு பாரு, அதான் கொஞ்சம் இடிச்சுது," என்றார் தணிந்த குரலில். "கையில இருந்து தவறி உருண்டிருக்கணும். பரவால்ல, அந்தம்மா பாக்கல."

ஆக அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருத்தி தன் மானத்தை எடுத்துத் தரையில் வைத்தாள், அவர் அதில் குறை பார்த்தார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ மனிதர்களைப் பார்த்துவிட்டேன், இதற்கு மேல் கேவலமான ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கையையும் கூப்பி, "ரொம்ப நன்றி சார்," என்றேன். மனசாரத்தான் சொன்னேன். வல்லம் போக வேண்டியதில்லை என்பது மட்டும்தான் அப்போது எனக்குள் இருந்தது. அவரைக் காறித் துப்புகிற அருவருப்பெல்லாம் சீட்டு கையில் வந்து, காலேஜில் சேர்ந்து, வயிறு நிறைந்த பிறகு வந்ததுதான்.

உள்ளே போனபோது அக்கா எழுந்து உட்கார்ந்து, அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டிருந்தாள். உதிர்ந்த கனகாம்பரத்தைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

"குட்த்துட்டாங்களாடி?"

"குட்த்துட்டாங்க."

காப்பி டம்ளரை எடுத்து என்னிடம் நீட்டினாள். "ஆறிப்போச்சு, பரவால்ல, நீ குடி. அந்தம்மா குடிக்கவே இல்ல." நான் குடித்தேன். அடுப்படிக்குப் போகிறவள் நின்று, திரும்பாமலே, "இனிமே என்னப் பத்தி எங்கியும் எழுதாதடி," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. என் கல்யாணத்தில் பேசவில்லை, நான் உத்தியோகத்துக்குப் போனபோது பேசவில்லை, சாகும்போதும் பேசவில்லை. நானும் வாக்குத் தவறாமல் இருந்தேன். ஹாஸ்டலில், அலுவலகத்தில், எங்கேயும் எனக்கு ஓர் அக்கா உண்டு, அவளுக்கு இன்ன நோய் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

அந்த மனுஷரைப் பற்றி மட்டும் எழுதலாம் என்றுதான் இப்போது உட்கார்ந்தேன். இறகையும் வடையையும் எழுதினேன். படித்துப் பார்த்தேன். பத்தவில்லை என்று தோன்றியது. உடனே அவளைக் கூப்பிட்டு, மறுபடியும் அந்தக் கூடத்தில் விழ வைத்துவிட்டேன். இந்தத் தடவை பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுது என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.